வீட்டிற் கண்ட படங்கள்

நம் கல்லூரிச் சஞ்சிகையின் தமிழ்ப் பகுதிக்கு ஏதேனும் எழுதித் தருக என்று அதன் ஆசிரியர் கேட்டபோது, இலக்கிய ஆராய்ச்சிக்கும் யாத்திரை வரலாற்றுக்கும் உரிய தகுதி எம்மிடம் இல்லை என்று முதலில் மறுத்துவிட்டோம். பழைய மாணவர் என்னும் உரிமை ஒன்றே எமக்குண்டு. பின்னர் யோசித்துப் பார்க்குமிடத்து, 2024 ஆம் ஆண்டு ஆனி மாதம் முதல் அடுத்த பங்குனி வரையில் யாம் தக்கலையிலே எமது வீட்டு முன்னறையில் அமர்ந்து படங்கள் பார்த்ததைத் தவிர உருப்படியாக வேறொன்றும் செய்யவில்லை என்பது தெரியவந்தது. ஆகவே அப்படங்களைப் பற்றியே எழுதத் துணிந்தோம். இதனை விமரிசனம் என்று எவரும் கருதவேண்டா. உண்டு முடித்துச் சாய்ந்திருப்பவர் சொல்லும் அபிப்பிராயங்களே இவை. அவற்றுள்ளும் பாதிக்கு மேல் எம்முடையன அல்ல, எம் அன்னையாருடையன.

அன்னையார் 1946 ஆம் ஆண்டு திருவிதாங்கூர் இராச்சியத்தில் பிறந்தவர். தமது பத்தாம் வயதில், 1956 நவம்பர் முதல் தேதியன்று, வீட்டை விட்டு ஓரடியும் பெயராமலே சென்னை இராச்சியத்துக்குக் குடிபோனவர். தமிழும் மலையாளமும் அவருக்கு இரு கண்கள் என்று எழுதிவிடலாம். ஆயினும் இந்தக் கட்டுரையில் கண் என்னும் சொல்லை உவமைக்கு வழங்க எமக்கு மனம் வரவில்லை. ஏனெனில், விழித்திரையின் நடுவிடம் தேய்ந்துபோகும் நோயொன்று அவரைச் சில ஆண்டுகளாகப் பற்றியுள்ளது. கண் வைத்தியர் படம் வரைந்து காட்டி விளக்கினார்: எழுத்தைப் படிப்பதும் முகத்தை அறிவதும் அந்த நடுவிடத்தின் வேலையாம், அது பழுதானால் நேரே நோக்கும் பொருள் மறையும், ஓரங்களிலுள்ளவை மட்டும் தெரியும், உள்ளதைக் காத்துக்கொள்ளலாமேயன்றிப் போனதை மீட்க வழியில்லை. நாள்தோறும் செய்தித்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவந்த அம்மையார் அதனை மடித்து வைத்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று யாம் ஊருக்குத் திரும்பிய நாளில், வாயிலில் நின்ற எம்மை நேரே நோக்காமல் தூணை நோக்கிக்கொண்டே, “வா மக்களே” என்றார். எம்மைக் காண்பதற்காகவே அவர் தூணைப் பார்த்தார் என்பது எமக்குப் பின்னர்தான் விளங்கிற்று.

அவ்வாண்டுச் சாரல் மழையில் திண்ணையிலும் உட்கார இயலவில்லை. பகற்பொழுது நீண்டுகிடந்தது. படிக்க முடியாதவருக்குப் படமாவது துணையாகட்டும் என்று பெரியதொரு தொலைக்காட்சிப் பெட்டியை வாங்கி முன்னறையில் நிறுத்தினோம். கண் மங்கியவருக்குப் படம் காட்டப் புறப்பட்ட எம் புத்தியைக் கண்டு அண்டை வீட்டார் நகைத்திருக்கலாம். எமக்கே அது ஐயமாகத்தான் இருந்தது.

முதலிற் போட்டது தில்லானா மோகனாம்பாள். 1968 இல் வெளிவந்த இப்படத்தை யாம் பத்துத் தடவைக்குக் குறையாமற் பார்த்திருப்போம். அரைமணி நேரம் சென்றபின் அன்னையார், “நாதசுரக்காரனுக்க மொகம் எனக்குத் தெரியல்ல. அவனுக்கப் பொறத்தால தவிலு வச்சிட்டு இருக்கவன் நல்லாத் தெரியுகான். அவன் ஆளு கொள்ளாம்” என்றார். தவிற்காரர் டி. எஸ். பாலையா. அதுவரையிலும் எம் கண்கள் சிவாஜி கணேசனின் கன்னங்களையும் பத்மினியின் விழிகளையும் விட்டு அகன்றதில்லை. அன்று அன்னையாரைப் பின்பற்றித் திரையின் ஓரத்தையே நோக்கினோம். என்ன சொல்வது! வாசிப்பிடையே அம்மனிதர் தலையை ஆட்டும் ஆட்டமும், நாதசுரக்காரனுடைய அகங்காரத்தைத் தாங்கிக்கொண்டு சபையோரைப் பார்க்கும் பார்வையும், இரயில் வண்டியில் காதலர் கண்ணாற் பேசிக்கொள்வதை அறிந்தும் அறியாதவர்போல் அவர் படும் பாடும் வேறொரு படமாகவே எமக்குத் தோன்றின. நாதசுரம் மெய்யாக வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் விரல்களை அசைத்தவர் சிவாஜி. அந்த இரண்டையும் ஒட்டவைத்தவர் பாலையாவே என்று இப்போது நினைக்கிறோம். ஓரத்தில் நிற்பவரைப் பார்க்கும் பழக்கம் அன்று முதல் எம்மைத் தொற்றிக்கொண்டது.

அடுத்துச் சில நாட்கள் பராசக்தி, திருவிளையாடல் முதலிய படங்கள் நடைபெற்றன. இவற்றுக்கு அன்னையாருக்குக் கண்ணே வேண்டியிருக்கவில்லை. வானொலியில் ஒலிச்சித்திரம் என்ற பெயரில் படங்களின் பேச்சையும் பாட்டையும் சுருக்கி ஒலிபரப்பிய காலத்திலே அவர் வளர்ந்தவர். திருவிழாப் பந்தல்களிலும் கலியாண வீடுகளிலும் குழாய் ஒலிபெருக்கி வழியே தருமிக்கும் இறைவனுக்கும் நடக்கும் வாதத்தைக் கேளாத செவி அக்காலத்தில் தமிழ்நாட்டில் இருந்திருக்குமா? பேசும்படம் என்று நம் பெரியோர் அதற்கு இட்ட பெயர் எத்துணைப் பொருத்தமானது! 1931 இல் காளிதாஸ் வெளிவந்து பேசத்தொடங்கிய தமிழ்ப்படம் ஐம்பது ஆண்டுகள் வரை ஓயாது பேசிக்கொண்டே இருந்தது. அதனை வசைபோலச் சொல்லுவோர் பலர். யாமும் கல்லூரியிற் பயின்ற நாட்களில் அவ்வாறே சொல்லித் திரிந்தோம். கண் மங்கிய ஒருவர் அருகில் அமர்ந்து பார்த்தபின் அந்த வாதத்தை மீட்டுக்கொள்கிறோம்.

இதை எம் தமக்கையாரின் மகள் ஒப்புவதில்லை. அவள் நம் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலுகிறவள். மாலையில் பேருந்தை விட்டு இறங்கியதும் நேரே எம் வீட்டுக்கு வந்து, ஆச்சி வைத்திருக்கும் மரச்சீனிக் கிழங்கை உண்டுகொண்டே படத்தைப் பழித்துப் பேசுவாள். “வாயால எல்லாத்தையும் சொல்லிட்டா அப்புறம் படம் எதுக்கு மாமா?” என்பது அவள் வினா. அவள் கொண்டுவந்த புதுப் படங்கள் சிலவற்றையும் பார்த்தோம். அவற்றில் மாந்தர் முணுமுணுக்கின்றனர். இசை அந்த முணுமுணுப்பை விழுங்குகிறது. யாரோ யாரையோ வெட்டுகின்றனர். அன்னையார் அவற்றின் நடுவே நன்றாக உறங்கினார். அவற்றின் பெயர்களை இங்கே எழுதவில்லை. உறங்கியவர் சாட்சியைக் கொண்டு தீர்ப்புச் சொல்லுவது முறையன்று.

நிற்க. பேச்சுக் குறைந்த படங்களுக்கு யாராவது அருகிலிருந்து கதை சொல்லவேண்டியதாயிற்று. அந்தப் பதவியை யாமே ஏற்றுக்கொண்டோம். இது புதிய பதவியன்று. 1905 இல் திருச்சிராப்பள்ளி இரயில்வேயிற் குமாஸ்தாவாயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பார், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்சி நடத்தப் புறப்பட்டார். அவர் போன்றார் நடத்திய ஊமைப்பட நாட்களில், திரையின் பக்கத்தே ஒருவர் நின்றுகொண்டு, ‘இதோ கதாநாயகன் வருகிறான், இதோ கத்தியை உருவுகிறான்’ என்று உரத்த குரலிற் சொல்லுவது வழக்கம். படம் பேசத் தொடங்கியதும் வேலை இழந்த அந்தக் கூட்டத்தாரின் கடைசி வாரிசு யாமே போலும்.

ஆனால் வாரிசுக்குத் திறமை போதவில்லை. செம்மீன் படத்தின்போது அது வெட்டவெளிச்சமாயிற்று. இராமு காரியாட் எடுத்த அப்படம் 1965 இல் வெளிவந்து, குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்றது. அன்னையார் புதுமணப்பெண்ணாய் இருந்தபோது எம் தந்தையாரோடு கொட்டகைக்குச் சென்று பார்த்த முதல் மலையாளப் படமும் அதுவே. பரீக்குட்டியாக நடித்த மது, படத்துறைக்குப் போகுமுன் நாகர்கோவிலில் நம் கல்லூரியிலும் தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியிலும் இந்தி ஆசிரியராக இருந்தவர் என்பதை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவார்களோ! 1959 இல் அந்த வேலையை உதறிவிட்டு, தில்லியில் அப்போது புதிதாய்த் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளிக்கு அவர் படிக்கப்போனார். இச்செய்தியை யாம் படத்தின் நடுவே விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது பரீக்குட்டி கடற்கரையிற் பாடி முடித்துவிட்டான். “இப்பம் அவன் எங்க நிக்கான்? கடலு எந்தப் பக்கம்?” என்று அன்னையார் கேட்டார். எமக்குத் தெரியவில்லை. கதை சொல்லுகிறவன் படத்தைப் பார்க்கவேண்டும் என்னும் சிறு விதியை யாம் மறந்திருந்தோம்.

அப்படத்தின் அடிப்படை, கரையிலிருக்கும் மனைவி கற்புத் தவறினால் கடலிலிருக்கும் கணவன் மீளான் என்னும் பழைய நம்பிக்கை. படம் முடிந்து வெகுநேரம் அன்னையார் பேசவில்லை. பின்பு, “கடல்ல போனவனுக்க உயிரு கரையில இருக்கவளுக்கக் கையிலயாம். அப்பம் கரையில இருக்கவளுக்க உயிரு ஆருக்கக் கையில?” என்றார். 2017 நவம்பர் 30 ஆம் தேதி ஒக்கிப் புயல் வீசியபின் நம் மேற்குக் கடற்கரை ஊர்களில் மீளாத படகுகளை நோக்கி நாட்கணக்காக மணலில் உட்கார்ந்திருந்த பெண்களை யாம் நேரிற் கண்டிருக்கிறோம். புயல் வருமென்னும் செய்தி எட்டுமுன்னரே அவர்களுடைய ஆடவர் கடலுக்குப் போய்விட்டிருந்தனர். அந்தப் பெண்களை நினைக்கையில், அறுபதாண்டுகளாக மேதகு படம் என்று யாம் புகழ்ந்துவந்த செம்மீனின் கதைமுடிவு எம் நாவிற் கசந்தது. மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவுக்கும் சலீல் சௌத்ரியின் இசைக்கும் எம் வணக்கம் அப்படியே இருக்கிறது. கதையைப் பற்றி அன்னையார் கேட்ட கேள்விக்கு மட்டும் எம்மிடம் விடையில்லை.

அவ்வாண்டு ஆவணியில், 1993 இல் வந்த மணிச்சித்திரத்தாழ் படத்தைப் புதுப்பித்துக் கேரளத்துத் திரையரங்குகளில் மறுபடியும் வெளியிட்டனர். அதைப் பற்றி எங்கும் பேச்சாயிருந்தமையால் எம் வீட்டிலும் அதனைப் போட்டோம். பாசில் இயக்கிய இப்படத்தின் காட்சிகள் சில திருப்பூணித்துறை அரண்மனையிலும், சில எம் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையிலும் எடுக்கப்பட்டவை. அரண்மனை தமிழ்நாட்டில் இருக்கிறது. அதைக் காத்துவருவது கேரள அரசின் தொல்பொருள் துறை. எங்கள் ஊரின் சரித்திரம் முழுவதையும் இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம்.

படம் தொடங்கியதும் அன்னையார் நிமிர்ந்து உட்கார்ந்தார். மோகன்லாலும் சுரேஷ் கோபியும் அவருக்கு வெறும் குரல்கள். ஆனால் அவர்களைச் சுற்றியிருந்த தூண், உத்தரம், மரச்சட்டங்களின் வழியே சாய்ந்து விழும் வெயில் ஆகிய யாவும் ஓரங்களில் இருந்தன அல்லவா? அவை அவருக்குத் தெரிந்தன. “இது நம்ம கொட்டாரமாக்கும்! அந்தத் தரையப் பாரு, முட்ட வெள்ளையும் செரட்டக் கரியும் போட்டு இழைச்ச தரை. சின்னப் புள்ளையில அதில எனக்க மொகத்தப் பாத்திருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே போனார். அந்த ஒரு படத்துக்கு அவரே எமக்குக் கதை சொன்னார். மருமகள் கிழங்கைக் கையில் ஏந்தியபடி வாய் மூடாமல் கேட்டிருந்தாள். அவர் கொட்டாரம் என்று காட்டிய சில இடங்கள் திருப்பூணித்துறையாகவும் இருக்கலாம். அதை யாம் திருத்தவில்லை.

கதை அன்பர்கள் அறிந்ததே. பழைய வீட்டில் அடைபட்டு மாண்ட நாகவல்லி என்னும் தஞ்சாவூர் நாட்டியப் பெண்ணின் நினைவு, கங்கையென்னும் மருமகளைப் பிடித்துக்கொள்ளுகிறது. அப்பொழுது அவள் தமிழிற் பேசுகிறாள், தமிழிற் சினக்கிறாள். கங்கையாக நடித்த ஷோபனா தேசிய விருது பெற்றார். அது முற்றிலும் தகும். அன்னையாருக்கு ஷோபனாவின் கண்கள் தெரியா. ஆனால் குரல் மாறிய கணத்தில் அவர் கை எம் கையைப் பற்றிற்று. பிறகு தெளிந்து, “அதென்ன மக்களே, நல்லா இருக்கையில மலையாளம், பேய் புடிச்சாத் தமிழா?” என்று கேட்டார். யாம் நகைத்துவிட்டோம். எனினும் கேள்வி பெரிது. ஆராய்ந்து பார்த்ததில் வேடிக்கையான உண்மையொன்று வெளிப்பட்டது. இதே கதை கன்னடத்தில் 2004 இல் ஆப்தமித்திரா என்றும், தமிழில் 2005 இல் சந்திரமுகி என்றும், இந்தியில் 2007 இல் பூல் புலையா என்றும் எடுக்கப்பட்டது. கன்னடத்திலும் தமிழிலும் அந்த ஆடற்பெண் தெலுங்கு பேசுகிறாள். இந்தியிலோ அவள் வங்காளி. ஆகவே, எந்த மொழியாரும் பேயைத் தம் வீட்டுப் பிள்ளையாக ஏற்பதில்லை. அடுத்த வீட்டுக்கே அதனைத் தள்ளுகின்றனர். இரு வீட்டுக்கும் நடுச்சுவராய் இருக்கும் எம் போன்ற எல்லைப்புறத்தார் இதில் யாரை நோவது? சந்திரமுகியையும் பார்த்தோம். அதில் ரஜினிகாந்த் வருகிறார். ஆகவே பேய்க்குச் சற்று இடம் குறைவு.

அரண்மனைப் பேச்சு வந்தமையால், இன்னொரு படத்தையும் ஒரு சொல்லிற் குறித்துவிடுகிறோம். சி. வி. இராமன் பிள்ளையின் புகழ்பெற்ற நாவலாகிய மார்த்தாண்ட வர்மாவை 1933 இல் ஊமைப்படமாக எடுத்தனர். நாவலின் உரிமை பற்றிய வழக்கினால் திரையிட்ட சின்னாட்களிலேயே அது முடக்கப்பட்டது. நாற்பதாண்டுகள் சென்றபின் அதன் பிரதி அகப்பட்டுப் புனா ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தது. அதன் சில கணங்களை மட்டும் கைப்பேசித் திரையிற் கண்டோம். எம் ஊரிலே அரசு வீற்றிருந்த மன்னனுடைய படம். ஒலியில்லை, திரையோ உள்ளங்கையளவு. அன்னையார் கைப்பேசியை வாங்கித் தடவிப் பார்த்துத் திருப்பித் தந்தார்.

அதற்கும் முற்பட்ட விகதகுமாரனோ, தடவிப் பார்க்கவும் இல்லாமற் போயிற்று. நம் மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்திற் பிறந்த ஜே. சி. டேனியல் தம் நிலத்தை விற்று எடுத்த முதல் மலையாளப் படம் அது. திருவனந்தபுரத்தில் அது திரையிடப்பட்ட ஆண்டை 1928 என்பாரும் 1930 என்பாரும் உளர். அதிலே நாயர் குலப் பெண்ணாக நடித்த ரோசி என்னும் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்மணியின் மேல் மேற்சாதியார் சினங்கொண்டு கலகம் செய்தனர். அவர் ஊரைவிட்டே ஓடவேண்டியதாயிற்று. டேனியல் பொருளிழந்து, பல் வைத்தியம் செய்து பிழைத்து, 1975 இல் காலமானார். அவர் பெயரால் கேரள அரசு விருது ஏற்படுத்தியது பின்னர் 1992 இல். இந்த வரலாற்றைக் கமல் என்னும் இயக்குநர் 2013 இல் செல்லுலாய்டு என்ற படமாக்கியுள்ளார். நல்ல படம், இறுதிப் பகுதி சற்றே நீளம். “கல்லெறிஞ்சவனுவளுக்கப் பேரு ஒண்ணாவது ஆருக்காவது தெரியுமா?” என்று அன்னையார் கேட்டார். தெரியாது என்றோம். “செரி” என்று எழுந்துபோனார்.

கார்த்திகை மாதத்துக்குள் கதை சொல்லும் பதவி எம்மை விட்டு மருமகளிடம் போய்விட்டது. அவள் எம்மைப்போல் நடிகரின் ஜாதகத்தை வாசிப்பதில்லை. “கதவு தெறக்கு. ஆளு உள்ள வரல்ல” என்பாள், அவ்வளவே. அதுவே போதுமானதாயிருந்தது. யாம் எம் பக்கத்து நாற்காலியில் பதவியிழந்த மந்திரியைப்போல் அமர்ந்து, அவள் விட்டுவிடும் குற்றங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

அவள் ஒருநாள் நண்பகல் நேரத்து மயக்கம் என்னும் படத்தைக் கொண்டுவந்தாள். லிஜோ ஜோஸ் பெல்லிசேரி எடுத்து, 2023 சனவரியில் திரைக்கு வந்த மலையாளப் படம் அது. வேளாங்கண்ணியிலிருந்து ஊர் திரும்பும் மலையாளிக் கூட்டத்திலே ஒருவர், வழியில் வண்டியை நிறுத்தி இறங்கித் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் நுழைந்து, ஈராண்டுகளுக்கு முன் காணாமற்போன சுந்தரமாகவே தம்மை எண்ணித் தமிழ் பேசி நடக்கத் தலைப்படுகிறார். மம்மூட்டி அவ்வேடம் பூண்டுள்ளார். அந்த வீட்டிலே கண்பார்வையற்ற கிழத்தாய் ஒருத்தி நாள் முழுதும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே அமர்ந்து பழைய தமிழ்ப் படங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இதை யாம் முன்னரே அறிந்திருந்தமையால், மருமகளைத் தனியே அழைத்து, இப்படம் வேண்டா என்றோம். “ஏன் மாமா? ஆச்சிக்குக் கண்ணு தெரியாதுங்கது ஆச்சிக்குத் தெரியாதா?” என்றாள். எம்மிடம் மறுமொழி இல்லை.

படத்திற் பின்னணி இசையென்று தனியே வைக்காமல், அந்த ஊர் வீடுகளிலிருந்து மிதந்துவரும் பழைய தமிழ்ப் படங்களின் வசனத்தையும் பாட்டையுமே ஓயாது கேட்கச் செய்திருக்கிறார்கள். அன்னையார் சற்று நேரம் பொறுத்தார், பின்பு, “எலே, ரெண்டு படத்த ஒண்ணாப் போட்டுட்டியா? பெட்டி கேடாயிட்டா?” என்று எம்மை அதட்டினார். இல்லை ஆச்சி, படத்துக்குள்ளே ஒரு பெட்டி ஓடுகிறது என்று மருமகள் விளக்கினாள். அதற்குப் பின் அன்னையார் அந்த உட்பெட்டியையே கேட்கலானார். ஒவ்வொரு வசனத்துக்கும் அது இன்ன படம், இன்னார் குரல் என்று பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தக் கிழத்தாய் வந்த இடத்தில் மருமகள் குரல் தாழாமலே, “ஒரு ஆச்சி இருக்காவ. கண்ணு தெரியாது. டிவி முன்னால உக்காந்திருக்காவ. அவன் பக்கத்துல வந்து உக்காருகான். அவிய பேசுகாவ, மகன்கிட்டப் பேசுகது போலயே” என்றாள்.

வந்தவன் தன் மகனல்லன் என்று அறியாமல் அம்மூதாட்டி ஏமாந்துபோனாள் என்பதே யாம் முதன்முறை பார்த்தபோது கொண்ட கருத்து. அதன் பரிதாபத்தை வியந்து நண்பர்களிடமும் பேசியிருக்கிறோம். அன்னையார் தலையை அசைத்தார். “அவளுக்குத் தெரியும்” என்றார். “எப்படித் தெரியும்? அவளுக்குத்தான் பார்வை இல்லையே” என்றோம். “கண்ணு இல்லாட்டி செவி இல்லியா? பெத்தவளுக்குக் கொரலு தெரியாதா? வேற கொரலுன்னு தெரியும். வந்து இருந்தான்லா, இருக்கட்டும்னு விட்டுட்டா.” படம் நடந்துகொண்டிருந்தது. மருமகள் கதை சொல்லுவதைச் சற்று நேரம் நிறுத்தியிருந்தாள். யாம் எழுந்து அடுக்களைக்குப் போய்க் கட்டன் சாயா போட்டோம். அதற்கு வேண்டியதைவிட அதிக நேரம் ஆயிற்று.

நாற்காலியில் மறுபடி அமர்ந்தபோது, இவ்வளவு நாளும் கேட்க அஞ்சியதைக் கேட்டுவிட்டோம்: எம் முகம் அவருக்கு எப்படித் தெரிகிறது என்று. “உனக்க மொகம் ஓர்மையில இருக்கு. காலேஜுக்குப் போன நாளுல உள்ள மொகம். அது அப்பிடியே நிக்கி, நரைக்கல்ல” என்றார். மருமகள் எம் தலையைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு யாம் மனமார நன்றி சொன்னோம்.

இனி கடைசியாகக் கண்ட படம். கும்பப்பூ அறுவடை முடிந்த பங்குனி மாதம். வேனில் இடிமழை வருமுன் புழுக்கம் தாளவில்லை. “நாகருகோயில்காரனுக்கப் படம் ஒண்ணு போடு” என்றார் அன்னையார். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908 இற் பிறந்த என். எஸ். கிருஷ்ணனைத்தான் அவர் அவ்வாறு சொல்லுவது. 1957 இல் அவர் மறைந்தபோது அன்னையாருக்குப் பதினொரு வயது. எம் பாட்டனார் அவருடைய வில்லுப்பாட்டையும் நாடகத்தையும் நேரிற் கண்டவர். அன்னையாருக்கு அந்த நகைச்சுவையெல்லாம் படத்தினால் வந்தவை அல்ல, தகப்பனார் வாயால் வந்தவை.

1949 இல் வெளிவந்த நல்ல தம்பியைப் போட்டோம். அண்ணாதுரை எழுதி, கிருஷ்ணன் பஞ்சு இருவர் இயக்கியது. கொலைவழக்கொன்றிற் சிக்கி ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் சிறையிலிருந்து 1947 இல் விடுதலையான கலைஞர், வெளியே வந்து ஈராண்டில் இத்துணை மலர்ந்த முகத்தோடு மதுவிலக்கைப் பற்றியும் கல்வியைப் பற்றியும் நகைக்க நகைக்கப் பேசினார் என்பது எமக்கு இன்றும் வியப்பு. படம் என்ற வகையிற் பார்த்தால் நடுவே தொய்வுண்டு, பிரசங்கம் மிகுதி. மருமகள் முதல் ஒருமணி நேரத்தில் ஒருமுறையும் சிரிக்கவில்லை. எழுபத்தைந்து ஆண்டுக்கு முந்திய நகைச்சுவை இனி யாரையும் நகைக்கச் செய்யாதோ என்று எமக்குக் கவலையாயிற்று. ஆனால் அன்னையார், நடிகர் வாய் திறக்குமுன்னரே அடுத்த வேடிக்கையைச் சொல்லிவிட்டுக் குலுங்கிச் சிரித்தார். சில இடங்களில் அவர் சொன்னது படத்தை விட நயமாயிருந்தது. அதன்பின் மருமகளும் சிரிக்கத் தொடங்கினாள். படத்தைப் பார்த்தன்று, ஆச்சியைப் பார்த்து.

கிந்தனார் காலட்சேபம் தொடங்குந் தறுவாயில் இடி இடித்து மின்சாரம் நின்றது. நந்தனார் சரித்திரத்தை நடத்தும் பாணியிலேயே, சிதம்பரம் போக விரும்பிய நந்தனுக்கு ஈடாகப் பட்டணம் சென்று படிக்க விரும்பிய கிந்தனை வைத்துக் கலைவாணர் நிகழ்த்திய கதை அது. “போட்டும், நான் சொல்லுகேன்” என்றார் அன்னையார். இருட்டிலே கால் மணி நேரம், இடையிடையே பாட்டும் கையால் தாளமுமாக, கிந்தன் ஏச்சு வாங்கியதும், ஊரைவிட்டுப் போனதும், படித்து உத்தியோகம் பெற்றதும் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். திரும்பி வரும் வழியில் கிந்தன் தக்கலைச் சந்தையில் இறங்கி, தன்னை ஒருகாலத்தில் விரட்டிய கடைக்காரனிடமே ஒரு ஏத்தன்குலையை முழு விலை கொடுத்து வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான் என்ற இடத்தில் மருமகள் கைகொட்டினாள்.

மழை ஓய்ந்து மின்சாரம் வந்தபின் அந்தக் காலட்சேபத்தை முதலிலிருந்து போட்டுப் பார்த்தோம். தக்கலைச் சந்தையும் இல்லை, ஏத்தன்குலையும் இல்லை. எம் பாட்டனார் பிள்ளைகளுக்குச் சொல்லுகையிற் சேர்த்துக்கொண்டதாக இருக்கவேண்டும் என்று யாம் மெல்ல எடுத்துச் சொன்னோம்.

“படத்துல வெட்டிட்டானுவ” என்றார் அன்னையார்.